ஜெயித்தது எதை, யாரை, எத்தனையாவது தடவை?

பிறர் தோல்வியை எழுதிக் கொடுக்க ஊருக்கு நூறு பேர் உண்டு. பிறர் ஜெயத்தை இங்கிலீசில் எழுதிக் கொடுக்க வில்லியனூரில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில் இங்கிலீசுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் ஊரை விட்டு எந்தப் பக்கம் நடந்தாலும் சிறிது தூரத்தில் இங்கிலீசுக்காரன் சீமை வந்துவிடும். மாடு அங்கே விற்கும். பெண்ணை அங்கே கட்டிக் கொடுத்திருப்பார்கள். வயலில் பாதி அங்கே கிடக்கும், வழக்கு அங்கே நடக்கும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்ததோ பிரெஞ்சு. ஆகவே ரயிலடிக்கு எதிரே ஒரு மேசை, ஒரு மைக்கூடு, முதுகு கிழிந்த ஓர் அகராதி ஆகியவற்றோடு நான் உட்கார்ந்ததும் கூட்டம் வந்துவிட்டது. எல்லாரும் என்னை 'இங்கிலீசு' என்றே கூப்பிட்டார்கள். என் சொந்தப் பெயர் எனக்கே அபூர்வமாகத்தான் காதில் விழுந்தது.

பிறருக்குக் கடிதம் எழுதிக் கை ஒடிந்தவர்களே, உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்த 'இங்கிலீசு' மெட்ரிக்குலேஷனில் மூன்று தடவை தவறியவன்.

கடலூரை ஒட்டிய திருப்பாப்புலியூரில் என் தாய்மாமன் வீட்டில் தங்கித்தான் படித்தேன். மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. அவர் மகள் அம்சா எனக்குத்தான் என்று சிறு வயதிலிருந்தே பேச்சு. மூன்றாவது தடவையும் தவறியபோது மாமா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாலாவது தடவை எழுது. பாஸ் பண்ணினா பொண்ணு உனக்கு. இல்லேன்னா பண்ருட்டி மணிலாக்கொட்டை மண்டிக்காரர் மகனுக்கு. ஆனி மாசத்துக்கு மேல நான் காத்திருக்க மாட்டேன்" என்றார். அந்த நாலாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டே ஊராருக்கு வெற்றி எழுதிக் கொடுத்த வருடத்தின் கதைகள்தான் இவை.

மூன்று கேள்விகள்

தமிழில் 'ஜெயிச்சேன்' என்றால் போதும். கோப்பையை ஜெயிக்கலாம், ஆளை ஜெயிக்கலாம், வழக்கை ஜெயிக்கலாம், பசியைக்கூட ஜெயிக்கலாம். இங்கிலீசுக்காரன் அப்படி விடுவதில்லை. பந்தயம், பரிசு என்றால் 'வின்' என்கிறான். எதிராளியின் பெயரைச் சொன்னால் 'பீட்', 'டிஃபீட்' என்று போகிறான். பரீட்சை என்றால் 'பாஸ்'. ரொம்ப நாள் முட்டி மோதிக் கடைசியில் கைகூடினால் 'சக்சீட்'. ஊரே திரண்டு கொண்டாடினால் 'விக்டரி', அதற்கும் மேல் தாரை தப்பட்டை வைத்தால் 'டிரயம்ப்'. எந்த இடத்தில் எது என்று தெரியாமல்தான் முதல் இரண்டு தடவை பரீட்சையில் மண்ணைக் கவ்வினேன்.

அதனால் என் மேசைக்கு யார் வந்தாலும் பேனாவைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன். ஜெயித்தது எதை? ஜெயித்தது யாரை? எத்தனையாவது தடவை? மூன்றுக்கும் பதில் வந்தால்தான் எனக்குச் சொல் வரும். இது ஊரில் பிரபலமாகி, சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசுகிறவர்கள்கூட ஒருவரை ஒருவர் இப்படிக் கேட்டுக் கேலி செய்தார்கள்.

முதலில் மாட்டிக்கொண்டவர் மேரியில் எழுத்தராக இருந்த தாவீது. மேரி என்று நாங்கள் சொல்வது கொம்யூன் ஆபீசை, இங்கிலீசுச் சீமையில் முனிசிபாலிட்டி மாதிரி. அவருக்கு அந்த வேலை முதல் விண்ணப்பத்திலேயே கிடைத்தது. பிரெஞ்சில் புலி, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மதராஸில் இருக்கும் சிநேகிதனுக்கு வேலை கிடைத்த செய்தியை இங்கிலீசில் எழுத வேண்டும் என்று வந்தார். நான் கேள்விகளை ஆரம்பித்தேன். யாரையும் ஜெயிக்கவில்லை, வேறு யாரும் விண்ணப்பம் போடவில்லை, முயற்சியும் ஒரே தடவை என்றார். அப்படியானால் 'கிடைத்தது' என்றுதான் எழுத முடியும், சக்சீட் கிடையாது என்று அகராதியை மூடினேன். தாவீது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்:

"நாலு தடவை பெயிலானாத்தான் உன் அகராதியில மரியாதையா?"

"மூணு தடவைதான்" என்று திருத்தினேன்.

ஜெயித்தவரின் படம்

பாகூர் முத்துவேலு அண்ணன் கரும்பும் நெல்லும் போடுகிறவர். உழவு மாடுகள் ஒரு ஜோடி இருந்தாலும், செவலைகள் இரண்டைப் பந்தயத்துக்கென்றே வளர்த்தார். கடலூர்ப் பக்கம் நடந்த வண்டிப் பந்தயத்தில் அந்தச் செவலைகள் முதலாவதாக வந்து வெள்ளிக் கோப்பை வாங்கிவிட்டன. கோப்பை கொடுத்த வெள்ளைக்காரத் துரையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சந்தை நாளன்று அதை மடியிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். ஜெயித்தவரை ஞாயிற்றுக்கிழமை காலை என் பங்களாவுக்கு அனுப்பவும், படம் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. படித்துச் சொன்னேன். பூரித்துப் போனார். வருகிறோம் என்று பதில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

அடுத்த சந்தைக்குப் படத்தோடு வந்தார். படத்தில் துரை, துரைசானி, நடுவில் கொம்புக்கு வர்ணம் பூசிய இரண்டு செவலைகள், ஒன்றின் கழுத்தில் கோப்பை. முத்துவேலு அண்ணனைக் காணோம்! மூலையில் ஒரு கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்திருந்த கை தெரிந்தது. அவ்வளவுதான். விடியலில் மாடுகளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, பங்களா தோட்டத்தில் நிறுத்திவிட்டு இவர் விலகி நின்றுகொண்டாராம். துரை கையைக் காட்டிக் காட்டிக் கூப்பிட்டும் போகவில்லையாம்.

"அண்ணே, ஜெயிச்சவர்னா உங்களைத்தான் கூப்பிட்டார்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. என்னையே திருப்பிக் கேட்டார்:

"இன்னாபா நீ, ஓடுனது அதுங்க, மூச்சு வாங்குனது அதுங்க. நான் பின்னால குந்திக்கினு கத்துனேன், அதுக்குக் கோப்பையா?"

முப்பது நாள்

பனித்திட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் செங்கேணி. கையில் சின்னஞ்சிறு குழந்தை. வில்லியனூர் மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு நேராக ரயிலடிக்கு வந்திருந்தாள். புருஷன் ரங்கூனில் துறைமுகக் கூலி. அவனுக்குத் தந்தி கொடுக்க வேண்டும்.

"இன்னா சேதி?"

"ஜெயிச்சிட்டேன்னு எழுது."

நான் வழக்கம்போல் முதல் கேள்வியைக் கேட்டேன். அவள் குழந்தையின் முகத்திலிருந்த துணியை விலக்கிக் காட்டினாள். இதற்கு முன் இரண்டு பிறந்ததாம். இரண்டும் முப்பது நாள் தாண்டவில்லையாம். அதனால் இது பிறந்த செய்தியையே அவனுக்கு அவள் சொல்லவில்லை. இரண்டு தடவை சந்தோஷச் செய்தி அனுப்பி, அதன் பின்னாலேயே இன்னொரு செய்தியும் அனுப்பிய கை அது. இந்தத் தடவை நாளை எண்ணிக்கொண்டே வாயைக் கட்டியிருந்திருக்கிறாள். அன்றைக்கு முப்பத்தோராம் நாள்.

மற்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமலே தாளை எடுத்தேன். மகன் பிறந்தான், ஒரு மாதம் முடிந்தது, இருவரும் நலம் என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஜெயம் எங்கே என்றாள். பிள்ளைப்பேற்றுக்கு இங்கிலீசில் அப்படி எழுதுகிற வழக்கமில்லை, இதுதான் முறை என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு தாளின் அடியில் காலியாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். இங்க ஜெயிச்சிட்டேன்னு பெருசா ஒண்ணு போடு. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொல்றவன் நாலு பேர் கேக்கச் சத்தமாப் படிக்கட்டும்!"

போட்டேன். 'விக்டரி' என்றே போட்டேன். எந்த அகராதி என்ன சொன்னால் என்ன?

ஒரு வயல், இரண்டு ஜெயம்

பாகூருக்குத் தெற்கே சில வயல்களில் ஒரு வேடிக்கை உண்டு. வரப்புக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இங்கிலீசு. நண்டு ஒன்று வளையிலிருந்து புறப்பட்டு வரப்பு தாண்டினால் ராஜாங்கம் மாறிவிடும். அப்படி ஒரு வயலுக்காக அண்ணன் ஆறுமுகமும் தம்பி ஏழுமலையும் வழக்காடினார்கள். அண்ணன் கடலூர்க் கோர்ட்டில் போட்டார். தம்பி புதுச்சேரிக் கோர்ட்டில் போட்டார்.

ஒரு வாரம் அண்ணன் வந்தார். மூன்று கேள்விக்கும் டாண் டாணென்று பதில் சொன்னார். வயலை ஜெயித்தேன், தம்பியை ஜெயித்தேன், முதல் தடவை. கடலூர் வக்கீலுக்கு நன்றிக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். மறு வாரம் தம்பி வந்தார். அவரும் வயலை ஜெயித்தேன், அண்ணனை ஜெயித்தேன், முதல் தடவை என்றார். அதே கடலூர் வக்கீலுக்கு, உன் கட்சிக்காரன் தோற்றான் என்று அறிவிக்க வேண்டுமாம்! எனக்குத் தலை சுற்றியது. விசாரித்தால் இரண்டும் உண்மை. கடலூர் கோர்ட் அதன் பக்கத்துப் பாதியை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டது. புதுச்சேரி கோர்ட் அதன் பக்கத்துப் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டது. கிணறு அண்ணன் பாதியில். வண்டிப்பாதை தம்பி பாதியில். அண்ணனுக்குத் தண்ணீர் இருக்கிறது, ஏரும் எருவும் கொண்டுபோக வழியில்லை. தம்பிக்கு வழி இருக்கிறது, தண்ணீர் இல்லை.

ஆடிப்பட்டம் நெருங்கியது. ஒரு நாள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள். பேச்சு வார்த்தை கிடையாது, ஆனால் ஒரே வண்டி. இரண்டு வக்கீலுக்கும் சேர்த்து, இனி எங்கள் வயலை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். யார் ஜெயித்ததாக எழுத என்று கேட்டேன். அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு பேரும்தான் ஜெயிச்சிட்டமே, அப்புறம் நாத்து ஏன்பா காயுது?"

ஒன்றாம் தேதி சடுகுடு

இதுதான் அந்த வருடத்தின் பெரிய கூத்து. சடுகுடுவில் வில்லியனூர் ஆட்களை அடிக்க ஆள் கிடையாது என்று எங்களுக்கு ஓர் எண்ணம். கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கும் அதே எண்ணம், அவர்களைப் பற்றி. நேருக்கு நேர் மோதிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. அவர்கள் தலைவன் ரயில்வேயில் இருந்தவன், அழைப்பு இங்கிலீசில் வந்தால்தான் மதிப்பேன் என்றான். நான் மூச்சைப் பிடித்து எழுதினேன். தேதி மட்டும் முடிவாகவில்லை. இடம் விட்டு, எங்கள் அணித் தலைவரிடம் கொடுத்தேன். எங்கள் அணித் தலைவர் தாவீது. அவர் தேதியைத் தம் முத்தான கையால் நிரப்பி அனுப்பினார்.

ஒன்றாம் தேதி சாயங்காலம் ஊரே திரண்டது. மைதானத்தில் மணல் கொட்டி, கோடு கிழித்து, பந்தல் போட்டு, சோடா பெட்டிகளை அடுக்கிவிட்டோம். பொழுது சாயும்வரை நின்றோம். ஒருவரும் வரவில்லை! பயந்துட்டானுங்க என்று கத்திக்கொண்டு தாவீதைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனோம். விக்டரி போட்டு ஒரு கடிதம் எழுதி மறுநாளே கடலூருக்கு அனுப்பினேன். என் ஆயுளில் அவ்வளவு தடித்த எழுத்தில் எழுதியதில்லை.

ஏழாம் தேதி காலை ரயிலில் பதினைந்து தடியர்கள் தொடை தட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். என் கடிதம் அவர்கள் ஊர்த் தபாலாபீசிலேயே கிடந்ததாம். மைதானத்தில் எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் அறுவடைக்குப் போயிருந்தார்கள். வந்தவர்கள் நடுக்கோட்டைத் தாண்டி நின்று சடுகுடு சடுகுடு என்று ஒரு சுற்றுப் பாடி, தாங்களே ஜெயித்ததாகச் சொல்லி, ரயிலடியில் இருந்த என்னிடமே வந்து ஊருக்குத் தந்தி எழுதச் சொன்னார்கள்!

அவர்கள் கையிலிருந்த அழைப்பை வாங்கிப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் ஒன்று என்ற எண்ணுக்கு இடப்பக்கம் நீளமாக ஒரு மூக்கு வைத்து எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள். ஏழுக்கு வயிற்றில் ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள், ஆகவே அவர்களுக்குக் குழப்பம் கிடையாது. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்கு அந்த மூக்கு வைத்த ஒன்று அப்படியே ஏழுதான். தாவீதைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் தம் எழுத்தைப் பெருமையோடு பார்த்தார்.

"அழகா ஒன்னு போட்டிருக்கேன். படிக்கத் தெரியாதவன்கூட எல்லாம் இன்னா ஆட்டம்?"

இந்தக் கதையை அடுத்த வாரம் திருப்பாப்புலியூர் போனபோது மாமா வீட்டில் சொன்னேன். மாமா அந்த நேரம் வீட்டில் இல்லை. அம்சா அடுப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ராசியான கை

பரீட்சை எழுதி முடித்தேன். ஆனி பிறந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று தினம் ரயில் சத்தம் கேட்டாலே மேசையை விட்டு எழுந்துவிடுவேன். முடிவு வந்துவிட்டது, மாமாவின் பள்ளிக்கூடத்தில் பாஸானவர்களின் நம்பர்ப் பட்டியல் ஒட்டிவிட்டார்கள் என்று ஒரு புதன்கிழமை காலை செய்தி வந்தது. முத்துவேலு அண்ணன் அன்றைக்குக் கடலூர் போகிறவர். அவரிடம் என் நம்பரை எழுதிக் கொடுத்து, மாமாவைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம் என்று சீட்டை எடுத்தேன்.

எழுதக் கை ஓடவில்லை. மூன்று தடவை என் கையால் எழுதிய நம்பர் மூன்று தடவையும் பட்டியலில் இல்லாமல் போயிருக்கிறது. இந்தத் தடவை ராசியான கை வேண்டும் என்று தோன்றியது. முதல் முயற்சியிலேயே வேலை வாங்கிய கை யாருடையது? தாவீதைக் கூப்பிட்டேன். அவர் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். என் நம்பர் ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று. ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரித்த கதை அந்த நிமிஷம் எனக்கு மறந்துவிட்டது, கேளுங்கள்! பயந்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

வியாழக்கிழமை மத்தியானம் முத்துவேலு அண்ணன் வந்தார். மாட்டை அவிழ்க்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமா சீட்டை வைத்துக்கொண்டு பட்டியலை இரண்டு தடவை பார்த்தாராம், நம்பர் இல்லையாம். வெள்ளிக்கிழமை பண்ருட்டிக்காரர்கள் தாம்பூலம் மாற்ற வருகிறார்களாம். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கவில்லை. அகராதியைத் தூக்கி மேசைக்கு அடியில் எறிந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். அம்சா இனி இல்லை என்று நினைத்தபோது பரீட்சையாவது மண்ணாவது என்று இருந்தது.

முத்துவேலு அண்ணன் வண்டியை விட்டு இறங்கினார். கிட்ட வந்து சீட்டை என் மடியில் போட்டார்.

"அழுவறதுன்னா அப்பறம் அழுவு. இதை உன்கிட்டதான் குடுக்கணும்னு அந்தப் பொண்ணு தெருமுனை வரைக்கும் வண்டி பின்னாடியே ஓடியாந்துச்சுபா. பென்சில்ல இன்னாவோ கிறுக்கியிருக்குது."

மூக்கு

சீட்டைப் பிரித்தேன். மேலே தாவீதின் கையெழுத்து. அதன் கீழே மாமா சிவப்பு மையில் 7477 என்று திருப்பி எழுதி, 'இல்லை' என்று முடித்திருந்தார். அதற்கும் கீழே, ஓரத்தில், அவசர அவசரமாகப் பென்சிலில் ஒரு வரி. 'இது உங்கள் சிநேகிதர் எழுதிய ஒன்றா? மூக்கு நீளமாக இருக்கிறதே. அப்பா நான் சொன்னால் கேட்கவில்லை.'

எழுந்து ஓடினேன்! மேசை கவிழ்ந்தது, மைக்கூடு உருண்டது. பின்னால் முத்துவேலு அண்ணன், அவருக்குப் பின்னால் என்ன ஏது என்று தெரியாமலே பாதி சந்தை. முடிவு போட்ட மதராஸ் பத்திரிகை அன்றுதான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் வந்திருந்தது. அவர் அதை விரித்துச் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார். தூக்கை நகர்த்தச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. நானே தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு தேடினேன். ஆயிரத்து நானூற்று இரண்டு. ஐந்து. ஒன்பது. அதற்கு அடுத்தது ரசம் சிந்திய இடத்தில் இருந்தது. விரலால் துடைத்தேன்.

ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று.

நான் கத்திய கத்தலில் புறப்படவிருந்த ரயிலின் கார்டு கொடியை இறக்கிவிட்டார்.

மாமாவுக்கு உடனே தந்தி கொடுக்க வேண்டும். விடிந்தால் தாம்பூலம். தந்தித் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் எழுதிய கைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சுற்றி நின்றவர்களுக்கோ சொல் பொங்கி வழிந்தது. தாவீது ஓடி வந்து, டிரயம்ப் போடு என்றார். சோடாக்கடைக்காரர் விக்டரி போடு என்றார். முத்துவேலு அண்ணன்தான் எல்லாரையும் கையமர்த்தினார்.

"இருங்கபா. முறைப்படி கேப்போம். எதை ஜெயிச்ச?"

"பரீட்சையை."

"யாரை?"

பண்ருட்டிக்காரனை என்று சொல்ல நாக்கு துடித்தது. பாவம், அவன் எனக்கு என்ன செய்தான்? "யாரையும் இல்லை."

"எத்தினியாவது தபா?"

"நாலாவது."

அப்படியானால் பாஸ், அதோடு சக்சீட். ஆனால் மாமா நம்ப வேண்டுமே! கண்ணால் பார்த்து இல்லை என்று எழுதியவர் ஆயிற்றே. கடைசியில் என் நம்பரை எண்ணாக எழுதாமல், ஒன்று நான்கு ஒன்று ஒன்று என்று எழுத்தாலேயே எழுதினேன். பாஸ், மறுபடி பாருங்கள், தாம்பூலத்தை நிறுத்துங்கள். அவ்வளவுதான். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. தாவீதுக்கு ஏமாற்றம்.

பொழுது இறங்கும் நேரத்துக்குப் பதில் தந்தி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலி மேல் ஏறி நின்று, மொத்தக் கூட்டத்துக்கும் தமிழிலேயே படித்தார்:

"தாம்பூலம் வெள்ளிக்கிழமையே. மாப்பிள்ளை மட்டும் மாற்றம். உடனே புறப்படு."

யார் பெயர்?

ஆவணியில் கல்யாணம். செவலைகள் பூட்டிய வண்டியில்தான் ஊர்வலம் போனோம். என்னோடு படித்து இப்போது மதராஸில் இருக்கும் சிநேகிதர்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இந்தத் தடவை சொல்லுக்குப் பஞ்சமில்லை. நாலு வருடம் போராடிக் கடைசியில் பரீட்சையை வென்றேன், பெண்ணை வென்றேன் என்று இரண்டு பக்கம் விளாசிவிட்டு, அம்சாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன்.

அவள் முறத்தில் அரிசியைக் கொழித்துக்கொண்டே முழுசும் கேட்டாள்.

"நாலு வருசமா எங்க அப்பா வூட்டுப் பொண்ணுக்கு வந்த மாப்பிள்ளை எத்தினி பேர்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள்.

தெரியாது. மாமா எனக்குச் சொன்னது பண்ருட்டி ஒன்றுதான். அவள் விரல் விட்டு எண்ணினாள். நெல்லிக்குப்பம், சிதம்பரம், விருத்தாசலம், மறுபடி நெல்லிக்குப்பம். ஒவ்வொரு தடவையும் சாப்பிடாமல் கிடந்து, வந்தவர்களை அப்பா திருப்பி அனுப்பும்படி செய்திருக்கிறாள். நான் பெயிலான ஒவ்வொரு வருடமும், அடுத்த வருடம் பாஸ் பண்ணிவிடுவார் என்று அவரிடம் சண்டை போட்டிருக்கிறாள். அதுவரை ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"உங்க மூணு கேள்வியை என்கிட்டக் கேளுங்க. எதை, யாரை, எத்தினியாவது தபான்னு நான் சொல்றேன். அப்பறம் யார் பேரைப் போடணும்னு நீங்களே பார்த்து எழுதுங்க."

ஊரார் ஜெயத்தையெல்லாம் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதிய நான், அன்று ஒரு கேள்வியும் கேட்காமல் இரண்டு பக்கத்தையும் கிழித்துப்போட்டு, அவள் பெயரில் எழுத ஆரம்பித்தேன்.